முந்நூறு பொதிகளும் ஓர் ஆளும்: கூட்டுநிதி வெகுமதிகளை அனுப்புவது எப்படி?

பலரிடம் முன்பணம் திரட்டி ஒரு படைப்பைச் செய்து, பணம் கொடுத்த ஆதரவாளர்களுக்கு அதை வெகுமதியாக அனுப்புவதே கூட்டுநிதி. மதுரையில் இருக்கும் ஓர் ஓவியர் கேட்டிருக்கும் கேள்வி இது: "ஏ4 அளவில் 96 பக்க வண்ணச் சித்திரக்கதை நூல் ஒன்றுக்குக் கூட்டுநிதி திரட்டப் போகிறேன். 300 பேர் வரை சேருவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அவர்களில் 40 பேராவது வெளிநாட்டில் இருப்பவர்கள். நூலோடு ஓவியப் பிரிண்ட், ஸ்டிக்கர், சிலருக்குக் கையால் வரைந்த ஓவியம் ஆகியவற்றையும் தர நினைக்கிறேன். உதவிக்கு ஆள் கிடையாது. அனுப்பும் வேலையை எப்போது, எங்கிருந்து தொடங்க வேண்டும்?"

இன்றே தொடங்குங்கள், நிதி திரட்டும் பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே. எவ்வளவு கேட்பது, என்னென்ன தருவது, எந்தத் தாளில் அச்சிடுவது, எந்த மாதத்தில் கிடைக்கும் என்று சொல்வது ஆகிய நான்கையும் தீர்மானிப்பது நீங்கள் கட்டப்போகும் அந்தப் பொதிதான். பலர் ஓவியத்தை முடித்து, பணத்தைத் திரட்டி, அச்சகத்திலிருந்து கட்டுகள் வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் அஞ்சலகத்தில் கட்டணம் விசாரிக்கப் போகிறார்கள். அந்தக் கட்டத்தில் மாற்றுவதற்கு எதுவும் மிச்சமிருக்காது. தாளும் விலையும் முடிவாகிவிட்டன, வாக்கும் கொடுத்தாகிவிட்டது. சிறு பதிப்பகங்களோடும் தனி ஓவியர்களோடும் சேர்ந்து நூல்களைக் கட்டி அனுப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நல்ல நூல்கள் சங்கடத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தாமதம் என்பது இந்தத் துறையில் விதிவிலக்கு அல்ல. கிக்ஸ்டார்ட்டர் என்ற அமெரிக்கக் கூட்டுநிதித் தளத்தைத் தொடர்ந்து ஆராய்ந்த வார்ட்டன் வணிகப் பள்ளியின் ஈதன் மோலிக், 2014-ல் வெளியிட்ட ஆய்வில் முக்கால்வாசிக்கும் மேற்பட்ட திட்டங்கள் சொன்ன தேதிக்குப் பின்னரே பொருளைக் கொடுத்தன என்று கண்டார். மறு ஆண்டு வந்த அவருடைய இன்னோர் ஆய்வின்படி, நிதி கிடைத்த திட்டங்களில் ஏறத்தாழ 9 சதவீதம் வெகுமதியைக் கொடுக்கவே இல்லை. இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். 2012-ல் ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் திரட்டிய வெப்காமிக் (இணையச் சித்திரக்கதை) ஓவியர் ஒருவர், நூல்களின் பெரும்பகுதியை அனுப்பியபின் மீதியை அனுப்பக் காசில்லாமல் போய், 2014-ல் நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகளை எரித்துக் காணொளி வெளியிட்டார். அச்சிட்ட நூல் கையில் இருக்கிறது, வாங்கக் காத்திருப்பவர் இருக்கிறார், இடையே நிற்பது தபால் செலவு மட்டும். ஓர் ஓவியருக்கு இதைவிட வேதனை வேறில்லை. அந்த நிலை வராமல் இருக்க என்னென்ன செய்யலாம் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எடை. இதற்கு ஒரு தராசும் கொஞ்சம் பெருக்கல் கணக்கும் போதும்.

ஒரு சதுர மீட்டரில் பதினாறு ஏ4 தாள்கள் அடங்கும். ஆகவே 130 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 130 கிராம்) ஆர்ட் பேப்பரில் ஓர் ஏ4 தாள் 130-ஐப் பதினாறால் வகுத்தால் வருவது, அதாவது எட்டு கிராமுக்குச் சற்று அதிகம். 96 பக்கம் என்றால் 48 தாள், ஏறக்குறைய 390 கிராம். 300 ஜி.எஸ்.எம். அட்டையின் முன்னும் பின்னும் சேர்ந்து 38 கிராம். நூல் மட்டும் 430 கிராமைத் தொட்டுவிட்டது. முனை மடங்காமல் போய்ச்சேர இருபுறமும் நெளி அட்டை, நனையாமல் இருக்க பாலித்தீன் உறை, டேப், முகவரிச் சீட்டு எல்லாம் சேர்த்து எப்படியும் 90 கிராம். மொத்தம் 520. ஸ்பீட் போஸ்டில் 251 முதல் 500 கிராம் வரை ஒரு கட்டணப் படி. அதைத் தாண்டினால் அடுத்த படி. தனியார் கூரியர்களும் பெரும்பாலும் அரைக் கிலோ அரைக் கிலோவாகத்தான் கணக்கிடுகிறார்கள். வெறும் 20 கிராமுக்காக 300 பொதிகளுக்கும் ஒரு படி கூடுதலாகக் கட்ட வேண்டிவரும்.

அதே நூலை 115 ஜி.எஸ்.எம். தாளில் அச்சிட்டால் உள்தாள்கள் 345 கிராம்தான், கட்டிய பொதி 475-க்குள் நிற்கும். 100 ஜி.எஸ்.எம். என்றால் 430. நூறில் அடர்த்தியான கறுப்பு பின்பக்கத்தில் தெரியக்கூடும் என்பதால் வண்ணச் சித்திரக்கதைக்கு நான் 115-ஐத்தான் சொல்வேன். ஆனால் என் சொல்லையும் இந்தக் கணக்கையும் மட்டும் நம்பாதீர்கள். தாள் ஆலைக்கு ஆலை எடை கொஞ்சம் மாறும், லேமினேஷனும் பசையும் தம் பங்குக்குச் சேர்க்கும். அச்சகத்தில் கேட்டால் அதே தாளில் அதே பக்க எண்ணிக்கையில் வெற்று டம்மி ஒன்று செய்து கொடுப்பார்கள். அதை உண்மையாகவே கட்டி, முகவரி ஒட்டி, அஞ்சலகத் தராசில் வைத்துப் பாருங்கள். கூடவே அந்தப் பொதியை ஒருவருக்கு அனுப்பியும் விடுங்கள். கன்னியாகுமரியில் ஒருவர், டெல்லியில் ஒருவர், குவஹாத்தியில் ஒருவர் என்று மூன்று நண்பர்களுக்கு அனுப்பி, பிரிக்கும் முன் நான்கு முனைகளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொதி எந்த முனையில் அடிபட்டு வருகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

எடைக்குச் சமமாகக் கவனிக்க வேண்டியது பருமன். கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் வாங்குகிறார்கள். 60 செ.மீ. நீளமும் 10 செ.மீ. விட்டமும் உள்ள அட்டைக் குழாயில் பெரிய ஓவியப் பிரிண்ட் ஒன்றைச் சுருட்டி அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசில் 200 கிராம்கூட வராது. கணக்கில் அது 1.2 கிலோ. தனி ஓவியர்களின் வெகுமதிப் பட்டியலில் பணத்தை அதிகம் விழுங்குவது இந்தக் குழாய்தான். பிரிண்ட் தரத்தான் வேண்டும் என்றால் நூலின் அளவுக்கே, ஏ4-க்கு மிகாமல், தட்டையாக நூலோடு சேர்ந்து போகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 250 ஜி.எஸ்.எம். தாளில் ஓர் ஏ4 பிரிண்ட் 16 கிராமுக்குள் அடங்கிவிடும்.

இங்கிருந்துதான் வெகுமதிப் பட்டியலுக்கு வர வேண்டும். எதைத் தந்தால் ஆதரவாளர் மகிழ்வார் என்று யோசித்து எழுதுகிற பட்டியல் தானாக நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு வரியையும் எழுதும்போது, இது அதே பொதிக்குள் அடங்குமா என்று கேளுங்கள். அடங்காதது எதுவாக இருந்தாலும் அது ஒரு தனி வேலை, தனிச் செலவு, தனித் தாமதம். குவளை உடையும். டி-ஷர்ட்டுக்கு அளவுகள் கேட்க வேண்டும், கேட்ட அளவு தீர்ந்துபோகும். நூலைச் செய்யத்தான் உங்களுக்குத் தெரியும், நூலைத்தான் அவர்களும் கேட்கிறார்கள். என் பரிந்துரை மூன்றே படிகள்: மின்னூல் மட்டும், அச்சு நூல், அச்சு நூலோடு பிரிண்ட்டும் ஸ்டிக்கரும். இதற்கு மேல் தர விரும்பினால் எடையில்லாதவற்றைத் தாருங்கள்: நன்றிப் பக்கத்தில் பெயர், வரைந்த விதத்தை விளக்கும் இணையவழிப் பயிலரங்கு, வண்ணமிடாத பக்கங்களின் மின்கோப்பு.

கையால் வரைந்த ஓவியம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் ஓவியத்துக்கு இருபது நிமிடம் என்று நினைத்தால் 60 பேருக்கு 20 மணி நேரம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இருபது நிமிடம் நன்றாகப் போகிற நாளின் கணக்கு. அமெரிக்க வெப்காமிக் ஓவியர் ரிச் பர்லூ 2012-ல் பன்னிரண்டு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். அதுவரை சித்திரக்கதைக்குக் கிடைத்திராத தொகை அது. வாசகர்களுக்கு அவர் ஏராளமான ஓவியங்களையும் கதைகளையும் வாக்களித்திருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கையில் பலத்த காயம் பட்டு அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது, வேலை நின்றது. அவரைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. தனி ஆள் நடத்தும் திட்டத்தில் அந்த ஆளின் கைதான் முழு இயந்திரமும். ஆகவே கையோவியப் படியை 15 அல்லது 20 பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் அச்சுக்குக் கொடுத்த கையோடு, நூல் வரும்வரை காத்திருக்கும் வாரங்களில் வரைந்து முடித்துவிடுங்கள். நூல் வந்து இறங்கும் நாளில் வரைய வேண்டியது ஒன்றும் மிச்சமிருக்கக் கூடாது.

இன்னொரு காரணத்துக்காகவும் பட்டியலைச் சுருக்கச் சொல்கிறேன். நூல்களுக்கென்று தனிச் சலுகைக் கட்டணம் உள்ள அஞ்சல் சேவைகள் நூலை மட்டுமே ஏற்கின்றன. இந்திய அஞ்சல் துறை 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்ற சேவையைத் தொடங்கியது. 300 கிராமுக்கு 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரை, வரி தனி. தரைவழியில்தான் போகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று இணையத்தில் பார்க்க முடியும். கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கானது அது, வணிக விளம்பர வெளியீடுகளுக்கு இடமில்லை. உங்கள் சித்திரக்கதை அந்த வரையறைக்குள் வருமா என்பதைத் தலைமை அஞ்சலகத்தில் டம்மியைக் காட்டிக் கேளுங்கள். வந்தாலும்கூட, உள்ளே ஸ்டிக்கர் தாளைச் செருகிய கணத்தில் அது வெறும் நூல் அல்ல. எனவே வரவுசெலவைச் சாதாரணக் கட்டணத்தில் போடுங்கள். சலுகை கிடைத்தால் அது மிச்சம். பழைய பதிவு அஞ்சலை நினைத்துத் திட்டமிட வேண்டாம், 2025-ல் அதை ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றால் எஸ்.டி. கூரியர், புரொஃபஷனல் கூரியர் போன்றவற்றிலும் மொத்தக் கட்டணம் கேட்டுப் பாருங்கள், பேரம் பேச இடமிருக்கும். ஆனால் சிற்றூர்களுக்கு வீட்டு வாசல்வரை வருகிறவர் தபால்காரர்தான். 'கூரியர் அலுவலகத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்று ஆதரவாளருக்குத் தொலைபேசி போவது எனக்குப் பிடிப்பதில்லை.

பணத்தில் ஒரு நுட்பம் உண்டு. நிதி திரட்டும் தளம் தன் கட்டணத்தை மொத்தத் தொகையில் கழிக்கும், அதில் தபால் செலவுக்கென்று வாங்கியதும் அடக்கம். கிக்ஸ்டார்ட்டரில் தளக் கட்டணம் 5 சதவீதம், பணப் பரிமாற்றத்துக்கு ஏறத்தாழ 3 சதவீதம். இந்தியாவில் இருந்துகொண்டு அங்கே திட்டம் தொடங்க முடியாது என்பதால் நீங்கள் உள்நாட்டுத் தளம் ஒன்றைத்தான் பயன்படுத்துவீர்கள், விகிதம் மாறும், தர்க்கம் மாறாது. எட்டு சதவீதம் கழிகிறது என்றால் தபாலுக்கென்று வாங்கிய 120 ரூபாயில் உங்கள் கைக்கு வருவது 110. பொதிக்குப் பத்து ரூபாய், 300 பொதிக்கு மூவாயிரம். கூடவே அட்டை, டேப், முகவரிச் சீட்டு, ஆட்டோ வாடகை, திரும்பி வரும் பொதிகளை மறுபடி அனுப்பும் செலவு. எதிர்பார்க்கும் மொத்த அனுப்பும் செலவின் மேல் 15 சதவீதம் கூட்டி, அந்தத் தொகையைப் பணம் வந்த அன்றே தனி வங்கிக் கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள். அச்சகம் கூடுதலாகக் கேட்டாலும் அந்தக் கணக்கைத் தொடக் கூடாது.

உள்நாட்டு ஆதரவாளருக்குத் தபால் செலவை நூல் விலைக்குள்ளேயே சேர்த்துவிடுவது நல்லது. தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. முன்வெளியீட்டுத் திட்டத்தில் பணம் கட்டி, நூல் வீடு தேடி வரக் காத்திருந்து பழகியவர்கள் நாம். உ.வே.சாமிநாதையரே தம் பதிப்புகளுக்கு முன்கூட்டிக் கையொப்பம், அதாவது நூலை வாங்குவதாக ஒப்புதல், வாங்கியவர்தான். ஒரே விலை, வீடு வந்து சேரும் என்று சொல்லும்போது கிடைக்கும் நம்பிக்கை பெரிது. வெளிநாட்டினருக்கு மட்டும் நூலின் விலையை இப்போது வாங்கிக்கொண்டு, தபால் செலவை அனுப்பும் மாதத்தில் உள்ள உண்மைக் கட்டணப்படி தனியாக வாங்குங்கள். இதை நிதி திரட்டும் பக்கத்தில், உத்தேசத் தொகையோடு, கண்ணில் படும் இடத்தில் முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும். பின்னால் சொன்னால் அது ஏமாற்றியதாகவே படும்.

ஏன் பிரித்து வாங்கச் சொல்கிறேன் என்பதற்கு 2025-ஆம் ஆண்டே சாட்சி. 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு அமெரிக்கா அளித்துவந்த வரிவிலக்கு அந்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று நிறுத்தப்பட்டது. வரியை யார், எப்படி வசூலிப்பது என்ற தெளிவு இல்லாததால் இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான அஞ்சலைப் படிப்படியாக நிறுத்தியது. அக்டோபர் 15-ஆம் தேதிதான் மீண்டும் தொடங்கியது. ஜூன் மாதம் கட்டணத்தை நிர்ணயித்துப் பணம் வாங்கி, செப்டம்பரில் அனுப்புவதாகச் சொல்லியிருந்த ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நூல்கள் தகவல் சார்ந்த பொருள் என்ற வகையில் அந்த ஆண்டு விதித்த அவசரக்காலக் கூடுதல் வரிகளிலிருந்து விலக்குப் பெற்றன. டி-ஷர்ட்டுக்கும் குவளைக்கும் அந்த விலக்கு இல்லை. நூலை மட்டும் அனுப்புங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த விதிகள் நிலையாக நிற்பவை அல்ல, ஆகவே அனுப்பும் வாரத்தில் அஞ்சல் துறையின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிட்டே கட்டத் தொடங்குங்கள்.

மற்ற நாடுகள் ஒன்றுபோல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வாட் (மதிப்புக் கூட்டு வரி) விலக்கை 2021 ஜூலை 1-ல் எடுத்துவிட்டது, முதல் யூரோவிலிருந்தே வரி உண்டு. நூலுக்கு வரி குறைவுதான், ஜெர்மனியில் 7 சதவீதம், பிரான்ஸில் 5.5. ஆனால் அங்குள்ள அஞ்சல் நிறுவனம் பெறுநரிடம் வாங்கும் கையாளும் கட்டணம் பல நேரங்களில் வரியைவிட அதிகமாக இருக்கும். கதவைத் தட்டிப் பணம் கேட்கும்போதுதான் அவருக்கு இது தெரியவரும் என்ற நிலையை வைக்காதீர்கள். 2024 டிசம்பர் 13 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் ஒருவரையும் கேட்கிறது. ஐரோப்பாவில் உங்களுக்கு ஐந்தாறு ஆதரவாளர்கள்தான் என்றால் அவர்களுக்கு மின்னூல் படியை மட்டும் திறந்து வைப்பது நேர்மையான முடிவு. பிரிட்டனில் நூலுக்கு வாட் பூஜ்யம். கனடாவில் அஞ்சல் பொதிக்கு விலக்கு வரம்பு 20 கனடிய டாலர்தான். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் குறைந்த மதிப்புப் பொருள்களுக்கான வரி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்கும் பதிவுபெற்ற விற்பனையாளர்கள் விற்கும்போதே வாங்க வேண்டியது, உங்கள் அளவிலான அனுப்புநரை அது தொடாது. வளைகுடாவில் இருக்கும் ஆதரவாளரிடம் முதலில் கேளுங்கள், 'ஊர் முகவரிக்கே அனுப்பிவிடுங்கள்' என்பார்கள் பலர். ஐக்கிய அரபு அமீரகத்தில் அஞ்சல் குறியீட்டு எண் கிடையாது, தபால் பெட்டி எண்தான், அதுவும் பெரும்பாலும் அவருடைய நிறுவனத்தின் பெட்டி.

சுங்கப் படிவத்தில் ஒரு சொல் பொய் எழுதக் கூடாது. 'அன்பளிப்பு' என்று எழுதினால் வரி வராது என்று ஆலோசனை சொல்ல எப்போதும் யாராவது இருப்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு அனுப்பும் நூல் அன்பளிப்பு அல்ல, மாட்டினால் பொதி நிற்பது உங்கள் ஆதரவாளரின் நாட்டில். பொருளின் பெயரை 'அச்சிட்ட நூல்' என்று தெளிவாக எழுதி, சுங்கத்துறை பொருள்களை வகைப்படுத்தும் எச்.எஸ். எண்ணையும் குறிப்பிடுங்கள்: நூலுக்கு 4901, குழந்தைகளுக்கான படநூலுக்கு 4903, தனி ஓவியப் பிரிண்ட்டுக்கு 4911. இந்த விவரங்கள் பொதி கிளம்பும் முன்பே மின்னணு வழியில் போய்ச்சேர வேண்டும் என்பது இப்போதைய விதி, கையால் எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. விற்பனைப் பொருளாக அனுப்புவதற்கு இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் வேண்டும். ஐ.இ.சி. என்பார்கள். பான் அட்டை அடிப்படையில் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். அஞ்சல் வழி ஏற்றுமதிக்கென்று டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற பிரிவுகளைப் பல அஞ்சலகங்களில் திறந்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் எது என்று கேட்டு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். அங்கே இருப்பவர் ஒருவரின் அறிமுகம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரே நாட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால் வேறொரு வழியும் இருக்கிறது. எல்லா நூல்களையும் ஒரே பெட்டியில், உண்மையான மதிப்பை எழுதி, அங்குள்ள நம்பகமான நண்பருக்கு அனுப்பி, அவரை உள்ளூர் அஞ்சலில் பிரித்து அனுப்பச் சொல்லலாம். அமெரிக்காவில் நூல்களுக்கென்றே மீடியா மெயில் என்ற மலிவான சேவை இருக்கிறது, விளம்பரம் இல்லாத நூல்களுக்கு மட்டும். அங்கேயும் ஸ்டிக்கர் சேர்த்தால் தகுதி போய்விடும். நண்பருக்குத் தபால் செலவோடு அவருடைய நேரத்துக்கும் ஏதாவது கொடுங்கள். ஆதரவாளர்களிடம், உங்கள் முகவரியை இன்னாரிடம் தருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். முகவரி என்பது அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தது. வேலை முடிந்த பின் அந்தப் பட்டியலை நீங்களும் அழிக்க வேண்டும், நண்பரும் அழிக்க வேண்டும்.

முகவரிகளை எப்போது வாங்குவது? நிதி திரட்டும்போது வாங்கினால் நூல் வரும்போது பலர் வீடு மாறியிருப்பார்கள். அச்சு முடியும் தறுவாயில், இரண்டு வாரம் கெடு வைத்துக் கேளுங்கள். கைபேசி எண் கட்டாயம், இந்தியாவில் பொதி வந்து சேருவது பாதி முகவரியால், பாதி தொலைபேசியால். தமிழ்நாட்டுக்குள் தமிழ் முகவரி தாராளமாகப் போகும், வெளிமாநிலத்துக்கு ஆங்கிலத்திலும் வேண்டும். எக்செல் கோப்பில் கவனம் தேவை: பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணின் முதல் பூஜ்யத்தை அது தானாகவே தின்றுவிடும். நியூஜெர்சியின் அஞ்சல் குறியீடுகள் எல்லாம் பூஜ்யத்தில் தொடங்குபவை, சிங்கப்பூரிலும் சில அப்படியே. அந்தப் பத்தியை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் பதியுங்கள்.

தேதியைச் சொல்லும்போது அச்சகத்தின் ஆண்டுச் சுழற்சியை நினைவில் வையுங்கள். தீபாவளிக்கு முன்னிருந்தே சிவகாசி காலண்டரிலும் டைரியிலும் மூழ்கியிருக்கும். நவம்பர், டிசம்பரில் சென்னைப் புத்தகக் காட்சிக்கான நூல்கள் வரிசை கட்டி நிற்கும். ஓர் ஓவியரின் 350 பிரதிகள் அந்தக் கூட்டத்தில் கடைசியில்தான் நிற்கும், அச்சகத்தார் நல்லவராக இருந்தாலும். போதாக்குறைக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். பிப்ரவரி, மார்ச்சில் அச்சு, ஏப்ரலில் அனுப்புதல் என்று வைத்து, வெளியே மே இறுதி என்று சொல்லுங்கள். முன்னதாகக் கிடைத்ததற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கட்டும் வேலைக்கு வருவோம். ஒரு பொதிக்கு ஐந்து நிமிடம் என்றால் 300-க்கு 25 மணி நேரம். ஒரே மூச்சில் செய்ய நினைக்க வேண்டாம், முதுகு தாங்காது, கவனமும் நிற்காது. ஒரே வகைப் பொதிகளை மட்டும் ஒரு நாளில் கட்டுங்கள்: முதலில் நூல் மட்டும் உள்ளவை அனைத்தும், அவை வீட்டைவிட்டுப் போன பிறகு பிரிண்ட்டோடு கூடியவை. இரண்டையும் மேசையில் கலந்து வைத்தால்தான் ஒருவருக்குப் போக வேண்டியது இன்னொருவருக்குப் போகும். கையெழுத்துப் போடுவது, உறையிடுவது, அட்டை வைப்பது, சீட்டு ஒட்டுவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனிச் சுற்றாகச் செய்தால் கை பழகி வேகம் பிடிக்கும். பாலித்தீன் உறை நூலுக்கு நேர் மேலே, அட்டை அதற்கு வெளியே. முனைகளில் அட்டை நூலைவிட ஒரு சென்டிமீட்டராவது வெளியே நீண்டிருக்க வேண்டும், அடி அந்த இடைவெளியில் விழும், நூலில் விழாது.

முந்நூறு பொதியோடு திடீரென்று கவுண்டரில் போய் நிற்காதீர்கள். பின்னால் நிற்பவர்களுக்கும் அது அநியாயம். ஒரு வாரம் முன்பே தலைமை அஞ்சலக அதிகாரியைப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்லுங்கள். மொத்தப் பதிவுக்கு எந்த வடிவில் முகவரிக் கோப்பு வேண்டும், எந்த நேரத்தில் கொண்டுவரலாம் என்று அவரே சொல்வார். நாளைக்கு ஐம்பது என்று பிரித்தால் இருவருக்கும் நிம்மதி. பதிவெண் சீட்டுகளை அன்றன்றே கோப்பில் ஏற்றி, அன்றிரவே ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்ணை அனுப்பிவிடுங்கள். 'என் நூல் எங்கே' என்ற கடிதங்களில் பெரும்பகுதி அதோடு நின்றுவிடும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில பொதிகள் கதவு பூட்டியிருந்து திரும்பி வரும், சில நசுங்கிப் போகும், ஒன்றிரண்டு தொலையும். நூறுக்கு ஐந்து பிரதிகள் கூடுதலாக அச்சிடச் சொல்வது அதற்குத்தான். நசுங்கிய நூலின் படத்தை ஒருவர் அனுப்பினால் விவாதிக்காமல் மாற்றுப் பிரதி அனுப்புங்கள். பழையதைத் திருப்பி அனுப்பச் சொல்லவும் வேண்டாம், அந்தச் செலவு நூலின் அடக்க விலையை நெருங்கும். அவர் அதைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுக்கட்டும். தாமதமானால் மாதம் ஒருமுறை, நல்ல செய்தி இல்லாவிட்டாலும், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அச்சகத்தில் எத்தனை பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதி) முடிந்தது என்ற ஒரு வரிகூடப் போதும். ஆதரவாளர்கள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், மௌனத்தைத்தான் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அச்சிடும் எண்ணிக்கையை முடிவு செய்யும்போது இன்னும் நான்கு பிரதிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நூலை வெளியிடுகிறவர் என்ற முறையில், 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் உங்கள் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி ஆகிய மூன்று பொது நூலகங்களுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும். தனியாக வெளியிடுகிறவர்கள் பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். உங்கள் முகவரிக் கோப்பின் முதல் நான்கு வரிகளில் அந்த நூலகங்களை எழுதிவிட்டால், முதல் நாள் கட்டிலேயே அவையும் கிளம்பிவிடும்.